கீழத்தெரு கடைசி வீட்டுக் குழாய்

அன்றைக்குக் காலையில் தண்ணீர்த் தொட்டியடியில் இருந்தவர்கள் இவர்கள்தான்: ஊர்ப் பெரியவர் கலியபெருமாள் ஐயா, மகளிர் குழுத் தலைவி சரோஜா, சரோஜாவோடு வந்த இரண்டு பெண்கள், டீக்கடை பஷீர் பாய், என் தம்பி முருகையன், நான். ஊராட்சித் தலைவரும் இருந்தார். பேச்சு தண்ணீர்ப் பக்கம் திரும்பியதும் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு எழுந்து போனவர் திரும்பி வரவில்லை. அவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். யாரைப் பற்றிப் பேச்சோ, அந்தத் தனபால் சார் வரவில்லை. ஆள் அனுப்பியும் வரவில்லை.

ஆள் விவரத்தை இவ்வளவு சரியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிறகு விஷயம் வெளியே போனபோது, அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் தாங்கள் இல்லவே இல்லை என்றார்கள். இல்லாதவர்கள் சிலர் தாங்கள்தான் நியாயம் பேசியதாகச் சொன்னார்கள். நான் இருந்தேன். என் கையில்தான் வால்வு சாவி இருந்தது.

புதிதாகத் தொட்டி ஆபரேட்டர் வேலைக்கு வந்திருக்கிற தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று சங்கத்தில் கேட்டார்கள். எட்டாவதோடு நின்றவன் நான். மோட்டார் போடுவது, பிளீச்சிங் பவுடர் கலப்பது, தொட்டி கழுவுவது எல்லாம் உங்களுக்கு வகுப்பு வைத்தே சொல்லிக் கொடுக்கிறார்கள். வகுப்பில் சொல்லாததைத்தான் நான் சொல்ல வேண்டும். வால்வு சாவி என்பது ஒரு இரும்புக் கம்பி. மேலே பிடித்துத் திருகக் குறுக்காக ஒரு கைப்பிடி. பழைய இரும்புக் கடையில் போட்டால் ஒரு வேளை சாப்பாட்டுக்குக்கூடத் தேறாது. ஆனால் இதை வைத்து இன்னாரை வழிக்குக் கொண்டுவரலாம் என்று ஒரு நாள் யாராவது உங்களிடம் வந்து நிற்பார்கள். வருகிறவர்கள் கெட்டவர்களாக இருக்க மாட்டார்கள். அதுதான் கஷ்டம்.

நான் பயந்த சுபாவம். வால்வுக் குழியை மூடிவிட்டுப் பாதித் தெரு போன பிறகு, மூடினோமா என்று திரும்பி வந்து பார்ப்பேன். மோட்டார் ரூம் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் ஒரு தடவை இழுத்துப் பார்ப்பேன். வீட்டில் கேலி செய்வார்கள். "தொட்டிய யாராச்சும் தூக்கிட்டுப் போயிருப்பாங்க, போய்ப் பாத்துட்டு வாங்க" என்பாள் என் மனைவி. இப்படிப்பட்டவன் ஒரு ஊரை எதிர்த்து நின்றான் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். நான் நிற்கவில்லை. ஓடுவதற்கு இருந்த வழியெல்லாம் அடைந்துபோயிற்று, அவ்வளவுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர் பூதலூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. மெயின் ரோட்டில், எங்கள் ஊர் எல்லைக்கு ஒரே ஒரு வயல் அந்தப் பக்கமாக, அரசாங்க மதுக்கடை வந்தது. வந்த பிறகு எங்கள் ஊரில் ஆம்பளைகள் வேலைக்குப் போகிற நேரமும் வீட்டுக்கு வருகிற நேரமும் மாறிப்போயின. சரோஜாவின் வீட்டுக்காரர் அந்தக் கடையிலிருந்து வரும் வழியில் வாய்க்காலில் விழுந்து செத்தார். வாய்க்காலில் அன்றைக்கு முழங்கால் அளவு தண்ணீர்தான். பெண்கள் மனு கொடுத்தார்கள், மறியல் செய்தார்கள், தஞ்சாவூர் போய் வெயிலில் உட்கார்ந்தார்கள். கடை விதிப்படி தூரம் தள்ளித்தான் இருக்கிறது என்று பதில் வந்தது.

கடையைத் தொட முடியாது என்று தெரிந்ததும் சரோஜா வேறு வழியைப் பிடித்தாள். ஊரைக் கூட்டினாள். ஊருக்குள் குடிக்கிறவனுக்கும் குடித்துவிட்டு ஊருக்குள் வருகிறவனுக்கும் இரண்டாயிரம் ரூபாய் அபராதம் என்று கட்டுப்பாடு போட வைத்தாள். அந்தப் பணம் மகளிர் குழுவுக்கு. கட்டாதவன் வீட்டுக்குக் கடையில் சாமான் கிடையாது, டீ கிடையாது, நல்லது கெட்டதுக்கு யாரும் போக மாட்டார்கள். அவள் கீழத்தெருக்காரி. மேலத்தெருக் கலியபெருமாள் ஐயா அவள் பேச்சுக்குத் தலையாட்டியது அதற்கு முன் நடந்ததில்லை. இரண்டு தெருவும் சேர்ந்து ஒரே பேச்சாக நின்றது அந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

சட்டப்படி இது செல்லுமா என்று நீங்கள் கேட்பீர்கள். செல்லாது. ஆனால் வேலை செய்தது. என் தம்பி முருகையனைத்தான் அதற்கு நான் சாட்சி சொல்வேன். கை நடுங்காமல் டீ கிளாஸ் பிடிக்க முடியாதவன். ஒரு தடவை அபராதம் கட்டினான். இரண்டாவது தடவை சரோஜாவும் இன்னும் பத்துப் பெண்களும் அவன் வாசலில் வந்து ஒன்றும் பேசாமல் உட்கார்ந்துவிட்டார்கள். அதோடு நிறுத்தினான். திருவையாற்றில் அப்பா வீட்டிலிருந்த அவன் மனைவி பிள்ளைகளோடு திரும்பி வந்தாள். குத்தகைக்கு நிலம் பிடித்து அந்த வருஷம் குறுவை போட்டான். நான் சொன்னபோது கேட்கவில்லை, டாக்டர் சொன்னபோது கேட்கவில்லை, ஊர் சொன்னபோது கேட்டான். அதனால் ஊர்க் கட்டுப்பாட்டைப் பற்றி யாராவது லேசாகப் பேசினால் எனக்குக் கோபம் வரும். இன்றைக்கும் வரும்.

அந்தக் கட்டுப்பாட்டுக்குள் தனபால் சார் வந்து சேர்ந்தார். தஞ்சாவூரில் பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கீழத்தெருக் கோடியில் தகப்பனார் குடிசை இருந்த இடத்தில் மாடி வீடு கட்டினார். கீழத்தெருவில் அதுதான் முதல் மாடி. பொழுது சாய்ந்ததும் மாடியில் நாற்காலி போட்டு உட்காருவார். பக்கத்தில் ஒரு ஸ்டூல், ஒரு கிளாஸ். சத்தம் கிடையாது, சண்டை கிடையாது. முடித்துவிட்டு இறங்கிப் போய்ச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார். அவரால் யாருக்கும் ஒரு கெட்ட வார்த்தைகூட வந்ததில்லை. அபராதம் என்று போய்ச் சொன்னார்கள். கட்ட மாட்டேன் என்றார். கடையில் சாமானை நிறுத்தினார்கள். அவர் ஸ்கூட்டரில் பூதலூர் போய் வாங்கி வந்தார். அப்போதுதான் தொட்டியடியில் கூட்டம் கூடியது.

முதலில் பஷீர் பாயைப் பிடித்தார்கள். நிறுத்தச் சொல்லியும் அவர் தனபால் சார் வீட்டுக்கு டீ கொடுத்திருக்கிறார்.

"ஏன் பாய், உங்க மார்க்கத்துலயே குடி ஆகாதுங்கறாங்க. நீங்களே அவருக்கு டீ ஆத்திக் குடுக்குறீங்களே" என்றாள் சரோஜா.

"சாராயம் ஆகாதுன்னுதான் தங்கச்சி சொல்லியிருக்கு. டீ ஆகாதுன்னு எங்கயும் சொல்லல. அவரு எங்கிட்ட டீ குடிக்கிற நேரமாச்சும் அதக் குடிக்காம இருக்காருல்ல?"

கூட வந்த பெண்களே சிரித்துவிட்டார்கள். ஆனால் பாயின் கடை நிற்பது ஊர் பொது இடத்தில். கலியபெருமாள் ஐயா அதை வாயால் சொல்லவில்லை, கடை இருக்கிற பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "சரிங்கய்யா" என்றார் பாய்.

அடுத்தது நான். "ரத்தினம், நாளைலேருந்து அந்த வீட்டுக்குத் தண்ணி போகக் கூடாது" என்றார் ஐயா. வயல் மடையை அடைக்கச் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

அந்த வீட்டில் தனபால் சாரின் மகள் பிரசவத்துக்கு வந்து, பெற்று, பிள்ளையோடு இருந்தாள். அதைச் சொன்னேன். சரோஜா அதையும் யோசித்து வைத்திருந்தாள்.

"புள்ளைக்கும் பெத்தவளுக்கும் நாங்களே குடத்துல கொண்டாந்து ஊத்துறோம்ண்ணே. மாடில உக்காந்திருக்காரே, அவருக்குத்தான் தண்ணி கிடையாது."

"ஒரே வீட்டுல அதெப்படி தங்கச்சி பிரிக்கிறது?"

"எங்க வீட்டுல ஒரே வீட்டுலதான் பிரிஞ்சுது. ஒருத்தர் குடிச்சாரு, நாலு பேரு பட்டினி கெடந்தோம்."

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வீடு குழாய் என்று டெல்லியிலிருந்து வந்த திட்டத்தில் போட்ட குழாய் இது, நிறுத்தினால் மேலே கேட்பார்கள் என்று மட்டும் சொன்னேன். "குழா டெல்லியோடதா இருக்கட்டும். போர் நம்ம மண்ணுல எறக்கினது. தண்ணி நம்மளோடது" என்றார் ஐயா. முருகையன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஊர் சொல்வதை அண்ணன் செய்துவிடுவான் என்ற நம்பிக்கை அவன் முகத்தில் இருந்தது. பார்த்துச் செய்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பார்த்துச் செய்கிறேன் என்று சொல்லாதீர்கள். கேட்டவர்கள் அதைச் சரி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

அன்றைக்கே ஒன்றிய அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கே இருந்த அதிகாரி நல்ல மனுஷர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார். ஒரு வீட்டு இணைப்பை நிறுத்தினாலும் என் வேலை போய்விடும் என்றார். அபராதம் போடுவதே சட்டப்படி குற்றம் என்றார். சொந்த வீட்டில், வயசான ஒருத்தர், அரசாங்கக் கடையில் வாங்கியதைக் குடிப்பது அவர் உரிமை என்றார். அவ்வளவும் சரி. அதை ஊருக்கு வந்து சொல்லுங்கள் சார் என்றேன். ஊர்க் கட்டுப்பாட்டு விவகாரத்தில் தலையிட்டால் பெரிய பிரச்சனை ஆகிவிடும் என்றார். அப்படியானால் எனக்கு ஒரு தாளில் எழுதியாவது கொடுங்கள் என்றேன். இதற்கெல்லாம் எழுத்து கிடையாது, நீயே சமாளி என்றார்.

எழுந்த பிறகு வாசலில் நின்று கேட்டேன். "சார், அந்தக் கடைய மட்டும் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொன்னீங்கன்னா ஊர்ல இந்தப் பேச்சே இருக்காது."

"அது என் கையில இல்லப்பா."

"யாரு கையில சார் இருக்கு?"

அவர் சிரித்தார். கேலியாக இல்லை, கொஞ்சம் வருத்தமாகத்தான். திரும்பி வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். கடை அவர் கையில் இல்லை. ஊர் அவர் கையில் இல்லை. தலைவர் கையில் ஃபோன் இருக்கிறது. இத்தனை பெரிய விஷயத்தில் கடைசியில் ஒரு ஆள் கையில்தான் ஒரு சாமான் இருக்கிறது. அது என் வண்டியில் பின்னால் கட்டிக் கிடக்கிறது.

அப்படியே தனபால் சார் வீட்டுக்குப் போனேன். அவர் கட்டிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி என்றுதான் போனேன். உட்காரச் சொன்னார். உள்ளே குழந்தை அழுதுகொண்டிருந்தது. இரண்டாயிரம் உங்களுக்குப் பெரிதில்லையே சார், என்னைக் காப்பாற்றுகிற மாதிரி நினைத்துக்கொண்டாவது கட்டிவிடக் கூடாதா என்று கெஞ்சினேன். முடியாவிட்டால் அந்த நாற்காலியையாவது உள்ளே போட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "எங்க அப்பா ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ வாங்கினாரு ரத்தினம். உங்களுக்குத் தெரியாது. கலியபெருமாளோட அப்பா வயல்லதான் வேலை. அறுப்பு நேரத்துல பாட்டு கேக்குறானான்னு ஊர் கூடி அபராதம் போட்டாங்க. எங்கப்பா கட்டினாரு. எதுல கட்டினாரு தெரியுமா? அந்த ரேடியோவ வித்துக் கட்டினாரு."

அவர் மாடிப் பக்கம் கையைக் காட்டினார்.

"இன்னைக்கு இது நல்லதுக்குன்னு சொல்றாங்க. அன்னைக்கும் நல்லதுக்குன்னுதான் சொன்னாங்க. நான் குடிக்கிறது சரின்னு சொல்லல. இந்த ஊரு என் வீட்டுக்குள்ள வந்து சொல்லக் கூடாது."

"சொல்றது மேலத்தெரு மட்டும் இல்ல சார். சரோஜாவும்தான்."

உள்ளேயிருந்து மகள், "கட்டித் தொலைங்கப்பா. புள்ளையக் குளிப்பாட்ட வேணாமா?" என்றாள். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். கட்ட மாட்டேன் என்பதை அப்படித்தான் சொன்னார்.

இங்கே எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒன்றியத்திலிருந்து மோட்டார் பழுது பார்க்க வருகிற ஃபிட்டர். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. கை வேலையில் அவரைப் போல ஆள் கிடையாது. அவர் ஒரு உபாயமும் சொல்லிக் கொடுத்தார். "ஊர்க்காரன்கிட்ட முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லாத. பிரஷர் இல்லன்னு சொல்லு. பிரஷரு யாருக்கும் புரியாது, யாரும் சண்டைக்கு வர மாட்டான்." அதை வைத்தே நான் பல வருஷம் ஓட்டினேன். இவனுக்கு முதலில் விடு, அவனுக்கு அதிகம் விடு என்று யார் வந்து கேட்டாலும் பிரஷர் இல்லை. என்னைப் போன்ற பயந்தவனுக்கு அது பெரிய வரம். அன்றைக்கு இரவு தூங்கப் போகும்போதும் அந்த மாதிரி ஒரு தொழில் காரணத்தைத்தான் தயார் செய்துகொண்டு படுத்தேன்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் மேலத்தெருவுக்குத் திறந்துவிட்டுக் கீழத்தெரு வால்வுக் குழிக்கு வந்தேன். எனக்கு முன்னால் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். ஐயா, சரோஜா, தெருப் பெண்கள் பாதிப் பேர். வீட்டுக்கு வீடு வாசல் குழாயடியில் காலிக் குடங்கள் வரிசையாக இருந்தன. கோடி வீட்டு வாசலில் தனபால் சாரின் மனைவி ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டோடு நின்றார். மாடியில் யாரும் இல்லை.

நான் தயார் செய்துவைத்ததைச் சொன்னேன். அந்த வீட்டுக்கு மட்டும் தனியாக வால்வு கிடையாது. நிறுத்த வேண்டுமென்றால் கீழத்தெரு முழுக்க நிறுத்த வேண்டும். இல்லையென்றால் தோண்டி அந்த வீட்டு இணைப்பை அறுக்க வேண்டும். குழாய் சாக்கடை ஓரமாகப் போகிறது. அறுத்த இடத்தில் துணியோ கட்டையோ வைத்து அடைத்தால், தண்ணீர் நிற்கிற நேரத்தில் வெறுங்குழாய் சாக்கடையை உள்ளே இழுக்கும். மறுநாள் அது தெரு முழுக்கப் போகும். எல்லாப் பிள்ளைகளுக்கும் வயிற்றுப்போக்கு வரும். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

"என்னண்ணே, பயமுறுத்துறீங்களா?" என்றாள் சரோஜா.

"நான் பயந்தவன் தங்கச்சி. எனக்குப் பயமுறுத்தத் தெரியாது."

அப்போது முருகையன் கூட்டத்துக்குள்ளிருந்து முன்னால் வந்தான். அவன் தோளில் மண்வெட்டி இருந்தது. அதுவரை நான் கவனிக்கவில்லை.

"துணி எதுக்குண்ணே? எண்ட் கேப் போட்டு ஒட்டினா சொட்டுத் தண்ணி உள்ள போகாதே. பள்ளிக்கூடத்துல ஒடைஞ்ச பைப்புக்கு நீதான போட்ட? நான்தான கூட நின்னேன். நீ கேப்ப எடு, நான் தோண்டுறேன்."

குழாய் முனையை அடைக்கிற பிளாஸ்டிக் மூடி அது. மோட்டார் ரூமில் ஒரு டப்பா நிறைய இருந்தது. அவன் சொன்னது சரி. என்னை மாட்டிவிட வேண்டும் என்று அவன் சொல்லவில்லை, எனக்கு உதவி செய்கிறோம் என்று நினைத்துத்தான் சொன்னான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஐயா, "கேப்பு இருக்கா?" என்றார்.

தம்பிகளே, இந்த இடத்தில்தான் நான் உங்களை நிறுத்தி வைக்க விரும்புகிறேன். தொழில் காரணம் சொல்லித் தப்பிக்கலாம் என்று நினைப்பீர்கள். பத்துத் தடவை தப்பிப்பீர்கள். பதினோராவது தடவை, உங்கள் தொழில் தெரிந்த ஒருவன், உங்கள் வீட்டு ஆளாகக்கூட இருக்கலாம், ஒரு எண்ட் கேப்போடு வருவான். முடியாது என்பதற்கு வேறு காரணம் உங்களிடம் இருந்தால் அப்போதுதான் அதைத் தேட ஆரம்பிப்பீர்கள். நான் அப்படித்தான் தேடினேன், அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது. முன்னாலேயே தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

இல்லை என்று சொல்லலாம் என்று ஒரு நொடி தோன்றியது. "இருக்கு" என்றேன்.

"அப்பறம் என்ன?"

என்ன சொன்னேன் என்பது வார்த்தைக்கு வார்த்தை எனக்கு நினைவில்லை. முருகையன் பிறகு சொன்னதை வைத்துத்தான் எழுதுகிறேன். "நிறுத்த முடியும். நான் நிறுத்த மாட்டேன். அவருக்கு அபராதம் போடுங்க. அவருகிட்ட பேசாதீங்க. எதுக்கும் கூப்பிடாதீங்க. அது ஊர் வேலை, நான் ஊரோட இருக்கேன். தண்ணி அதுல சேராது. இன்னைக்குக் குடிக்கிறவருக்கு நிறுத்தினா, நாளைக்கு யாருக்கு நிறுத்தச் சொல்வீங்களோ எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது."

ஐயா குரலை உயர்த்தவில்லை. "அப்ப உனக்கும் அபராதம்தான் ரத்தினம். கட்டுப்பாட்ட ஒடைச்சவனுக்குப் போடுறதவிட, ஒடைக்க ஒத்தாசை பண்றவனுக்கு ஜாஸ்தி. ஐயாயிரம்."

"போடுங்கய்யா."

குழிக்குள் குனிந்து சாவியை மாட்டினேன். இரண்டு தடவை நழுவியது. தடுக்க வேண்டுமென்றால் யாராவது என் கையைப் பிடித்தால் போதும். முருகையன் மண்வெட்டியோடு எனக்கு மிக அருகில் நின்றான். அவன் நிழல் குழிக்குள் விழுந்தது. அவன் என்ன செய்யப் போகிறான் என்று எனக்குத் தெரியவில்லை. அவனுக்கும் தெரிந்திருக்காது. திருகினேன். குழாய்க்குள் காற்று புஸ்ஸென்று ஓடியது. முன் வீட்டுக் குடங்களில் தண்ணீர் விழுந்தது. யாரும் குடத்தைத் தொடவில்லை. கீழத்தெருவில் தண்ணீர் வந்தால் எவ்வளவு கூச்சலாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்குப் பேச்சே இல்லை. கோடி வீட்டுக்குத்தான் கடைசியில் வரும். எல்லோரும் அதற்காகவே காத்திருந்த மாதிரி இருந்தது. பிறகு அந்தப் பிளாஸ்டிக் பக்கெட்டில் தண்ணீர் விழுகிற சத்தம் தெருவின் இந்தக் கோடி வரை கேட்டது.

சரோஜா தன் குடத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "அவருக்கு ஒண்ணும் ஆகாதுண்ணே. படிச்சவரு, அளவாக் குடிப்பாரு, பென்ஷன் வரும். அவரப் பாத்துட்டு எவன் எவன் ஆரம்பிக்கப் போறான்னு எனக்குத் தெரியும். உங்க தம்பி ஆரம்பிச்சா எங்கிட்ட வராதீங்க" என்றாள். முருகையன் பக்கத்தில்தான் நின்றான். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதிக் கதையாகிவிடும். எனக்கும் கடைச் சாமான் நின்றது. பஷீர் பாய் முன்பக்கம் எனக்கு டீ இல்லை என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்வார். பின்பக்கம் அவர் மகன் தூக்குவாளியில் கொண்டுவந்து மோட்டார் ரூமில் வைத்துவிட்டுப் போவான். அறுவடை முடிவதற்குள் அதெல்லாம் தானாகத் தளர்ந்துபோயிற்று. தனபால் சாருக்கும் தளர்ந்தது. ஒரு நாள் பார்த்தால் மாடியில் அந்த நாற்காலி இல்லை. உள்ளே போட்டுக்கொண்டாரா, விட்டுவிட்டாரா என்று நான் கேட்கவில்லை. பேரப்பிள்ளை தவழ ஆரம்பித்ததும் மகள் தூக்கி உள்ளே போட்டுவிட்டாள் என்றும் சொல்கிறார்கள். அவர் எனக்கு நன்றி சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை, அவருக்காக நான் செய்யவில்லை.

சரோஜா சொன்னது பலித்தது. தீபாவளிக்கு முருகையன் குடித்துவிட்டு வந்தான். மாடியில் உட்கார்ந்திருந்த ஆளுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா என்று தெருவில் நின்று கத்தினான். கத்தியது என் வீட்டுப் பக்கம் பார்த்துத்தான். நான் திறந்த வால்வு வழியாகத்தான் அது அவனிடம் வந்ததோ என்று இன்றைக்கும் விழித்திருந்து யோசிப்பேன். சரி எது என்று கேட்டால், ஊர்க் கட்டுப்பாடு, அந்த வீட்டுத் தண்ணீர், இந்த இரண்டில் எதையும் என்னால் விட்டுக்கொடுக்க முடியவில்லை. ஆனால் எங்கிட்ட வராதீங்க என்று சொன்ன சரோஜாதான் மறுநாள் காலையில் பெண்களைக் கூட்டிக்கொண்டு அவன் வாசலில் போய் உட்கார்ந்தாள். நான் போகவில்லை. போகிற முகம் எனக்கில்லை. அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவள் முன்னால் உட்கார்ந்திருந்ததைத் தூரத்திலிருந்து பார்த்தேன். மறுபடியும் நிறுத்தினான். இதுவரை தொடவில்லை. நாளைக்கு எப்படி என்று நான் சொல்ல மாட்டேன்.

அவனுக்குப் போட்ட அபராதத்தை அன்று சாயங்காலமே நான் கொண்டுபோய்ச் சரோஜா கையில் கொடுத்தேன். அவன் பணத்தைக் கேட்கவில்லை, என் பணம்தான். அதை வாங்குகிற உரிமை அவளுக்கு உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அவள் எண்ணிப் பார்க்காமல் முந்தானையில் முடிந்துகொண்டு, "அப்படியே உங்களுதையும் கட்டிடுங்களேன்ண்ணே. ஊர்ப் பணம் நிக்குது" என்றாள்.

"அது நிக்கட்டும் தங்கச்சி" என்றேன்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன், வால்வு சாவி வேறு கைக்குப் போய்விட்டது. ஒவ்வொரு வருஷமும் கோயில் திருவிழாவுக்கு வரி வாங்க வரும்போது சரோஜா அந்த அபராதத்தைக் கேட்பாள். நானும் அதையே சொல்வேன். திருவிழா வரியை மட்டும் கொடுத்துவிடுவேன். தம்பி பேரில் ஊருக்கு ஒரு பைசா பாக்கி இல்லை. என் பேரில் ஐயாயிரம் ரூபாய் பாக்கி.